நூற்றுப் பதினேழாம் எண் ஆண்பிள்ளை

எங்கள் குடியிருப்பின் முதல் மாடி நடையில் அன்றைக்கு நூறு ஜோடிச் செருப்புகளாவது கிடந்திருக்கும். உள்ளே போனவர்கள் வாசலில் கழற்றி வைத்தது செருப்பை மட்டுமல்ல. மூளையையும்தான். வெளியே வரும்போது செருப்பையாவது தேடினார்கள்.

உள்ளே வீற்றிருந்தவர் அட்ரஸ் சாமி. தாடி உண்டு, மடியில் ஒரு தேக்குப் பெட்டி உண்டு. பேய், பிசாசு, ஏவல், சூனியம் எல்லாம் பழைய சரக்கு என்று அவருக்குத் தெரியும். படித்தவன் பேய்க்குப் பயப்பட மாட்டான். புரியாத எண்ணுக்குப் பயப்படுவான். அந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார். அவருடைய துண்டறிக்கை இப்படி ஆரம்பித்தது:

“உங்கள் வீட்டு இணையத்தில் அந்நிய முகவரி உலவுகிறதா? தூக்கமின்மையா? தம்பதியர் சண்டையா? பிள்ளைக்கு மதிப்பெண் குறைவா? எண் பார்த்து, இனம் பார்த்து, விரட்டித் தரப்படும். விரட்டியது திரும்பி வந்தால் மறுபடியும் விரட்டித் தரப்படும்.”

இந்தக் கடைசி வரியை யாராவது நிதானமாகப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் படித்தேன். நான்கு முறை படித்தேன். ஏனென்றால் கீழ்த்தளத்தில் அச்சகம் வைத்திருப்பவன் நான். அதை அச்சடித்ததும் நான்தான். ஒற்றுப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, பொய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது அச்சகத்தின் வேலை இல்லையாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஷயம் சின்னது. வீட்டில் வைஃபை கொடுக்கிற ரவுட்டர் இருக்கிறதல்லவா, அதனோடு எந்தக் கருவி சேர்ந்தாலும் அதற்கு ஓர் எண் தரும். மருத்துவமனையில் டோக்கன் தருவது போலத்தான். டாக்டர் கூப்பிட எண் வேண்டும், அவ்வளவுதான். எந்தெந்த எண்கள் உள்ளே இருக்கின்றன என்கிற பட்டியலையும் ரவுட்டர் காட்டும். பட்டியலில் சிலவற்றுக்குப் பெயர் இருக்கும், சிலவற்றுக்கு வெறும் எண்ணும் புள்ளியும்தான். அந்தப் பெயரில்லாத எண்ணைப் பார்த்துத்தான் எங்கள் குடியிருப்பின் பதினெட்டு வீடுகளும் கதிகலங்கின.

முதலில் சாமியிடம் போனவர் எங்கள் செயலாளர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவன் கையெழுத்தில் புள்ளி நகர்ந்திருந்தாலும் காசோலையைத் திருப்பி அனுப்பியவர்.

“உங்க வீட்டு எண் எல்லாமே நூத்தித் தொண்ணூத்திரண்டுல ஆரம்பிக்குது,” என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு. “லட்சத்துல ஒரு வீட்டுக்குத்தான் இந்த தோஷம்.”

செயலாளர் வெலவெலத்துப் போய்த் தகடு வாங்கினார். அடுத்து மூன்றாம் மாடிப் பல் டாக்டர் போனார். அவர் வீட்டிலும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு! இருவரும் மாடிப்படியில் சந்தித்துக்கொண்டார்கள்.

“உங்களுக்குமா சார்?”

“ஆமா டாக்டர். அப்ப இது பரவுது!”

லட்சத்தில் ஒரு வீட்டுக்கு வருவது அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்கும் எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், இரண்டு படித்த மனிதர்களும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தகடு வாங்கப் போனார்கள். அந்த எண் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்றே ஒதுக்கி வைத்தது. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதுதான். உங்கள் வீட்டில் அடுப்பிருக்கும் அறைக்குச் சமையலறை என்று பெயர், என் வீட்டிலும் அதே பெயர். அதற்காக இரண்டு பேரும் தாயத்துக் கட்டிக்கொள்வோமா?

கட்டிக்கொண்டோம். நானும் ஒரு செம்புத் தகடு வாங்கி ரவுட்டரின் முதுகில் ஒட்டினேன். இணையம் நொண்ட ஆரம்பித்தது. சாமியிடம் போய்ச் சொன்னேன். “கெட்டது வெளியேறும்போது அப்படித்தான் முரண்டு பிடிக்கும்,” என்றார். அலை போகிற வழியில் உலோகத்தை ஒட்டினால் அலை எப்படிப் போகும் என்று பிற்பாடு தெரிந்தது. என் முட்டாள்தனத்தை ஏன் மறைக்க வேண்டும்? ஊரைப் பார்த்துச் சிரிக்கிறவன் தன்னைப் பார்த்தும் ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்வதுதான் நியாயம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நிற்கவில்லை.

இரண்டாம் மாடியில், சாமி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு நேர் மேலே, கண்ணாடிக் கடைக்காரர் குடியிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் பார்வை சோதிப்பவர். அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலை. எல்லோரும் தபாலம்மா என்போம். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய், மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புவார். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. பொருத்தமான குடும்பம் என்று எல்லோரும் சொல்வார்கள்; நானே பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கடைக்காரர் ஒருநாள் தன் ரவுட்டர் பட்டியலில் 111 என்று முடிகிற ஓர் எண்ணைப் பார்த்தார். யாருடையது என்று தெரியவில்லை. நேராகச் சாமியிடம் போனார். எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்தது போலவே சாமி தேக்குப் பெட்டியோடு மாடி ஏறி வந்தார்.

“வீட்டோட ரகசியச் சொல்லை என் காதுல மட்டும் சொல்லணும். தாரத்துக்குக்கூட கேக்கக் கூடாது.”

அந்த வைஃபைச் சொல்லை அமைத்ததே தாரம்தான். இருந்தாலும் கடைக்காரர் காதில் சொன்னார். சாமி பெட்டியோடு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம் மௌனம் இருந்தார். வெளியே வந்து, “இப்பப் பாரு,” என்றார். பட்டியலில் இன்னோர் எண் முளைத்திருந்தது. 117! அதுவரை இல்லாதது! சாமி பெட்டிக்குள் கையை விட்டு என்னவோ முணுமுணுத்தார். 117 மறைந்தது. கடைக்காரர் அப்படியே காலில் விழுந்தார்.

“நூத்திப் பதினொண்ணு சின்னது, தகட்டுக்கு அடங்கிடும். பதினேழுதான் பெருசு. ஜாக்கிரதை. கடையில இருந்தே போன்ல பாத்துக்கிட்டே இரு.”

அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, யாரோ ஒருவர் கண்ணுக்கு எழுத்து காட்டிக்கொண்டிருந்தபோது, 117 வந்தது. ஐந்து மணி வரை இருந்தது. அடுத்த நாளும் வந்தது. வீட்டில் அந்த நேரத்தில் இருப்பது அவர் மனைவி ஒருத்திதான்.

திரும்பச் சாமியிடம் ஓடினார். விரட்டியது ஏன் திரும்பி வருகிறது? நல்ல கேள்வி. இப்படியொரு நல்ல கேள்வி வந்தால் இந்த வகை ஆசாமிகள் என்ன செய்வார்கள்? வேறு ஒருவர் தலையில் கட்டுவார்கள்.

“கடைசி எண் என்ன?”

“ஏழு சாமி.”

“ஒத்தை. ஒத்தைன்னா ஆண். ரெட்டைன்னா பெண். இது ஆவி இல்லப்பா. ஆளு. ஒரு தடவை உள்ள வந்து, ரகசியச் சொல் தெரிஞ்சவனுக்குத்தான் இப்படித் தானா கதவு திறக்கும். புரியுதா?”

அயோக்கியன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் விஷம்.

கடைக்காரர் வீட்டில் பேச்சு நின்றது. மனைவி வைத்த தட்டை நகர்த்தி வைத்தார். அவர் அக்கா, அதாவது தபாலம்மாவின் நாத்தனார், பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். வெறும் வாயை மெல்லுகிற அந்த அம்மாளுக்கு அவல் கிடைத்துவிட்டது. முடிவும் அந்த அம்மாளே எடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை சாமி எல்லார் முன்னாலயும் வந்து அந்த ஆளோட முகத்தைச் சொல்லட்டும். அந்த நம்பர் வந்துச்சுன்னா, இவ இவ அண்ணன் வீட்டுக்குக் கிளம்பட்டும். குழந்தை இங்கயே இருக்கட்டும்.”

தம்பி மறுப்புச் சொல்லவில்லை. எனக்கு இதைக் கேட்டதும் உடம்பு எரிந்தது. ஆனால் எரிந்ததோடு சரி; ஒரு வார்த்தை போய்க் கேட்டேனா? இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தபாலம்மா அச்சகத்துக்கு வந்தார். அழுத முகம் இல்லை. கையில் ஒரு தாள்.

“இந்த நோட்டீஸ் நீங்க அடிச்சதுதானே அண்ணே?”

“ஆமாம்மா.” என்னால் நிமிர முடியவில்லை.

“சாமி வெளியூர் போற தேதிக்கெல்லாம் தனி நோட்டீஸ் அடிப்பாரே. அதுல ஒவ்வொண்ணு குடுங்க.”

எடுத்துக் கொடுத்தேன். தன் கையிலிருந்த தாளை மேசையில் விரித்தார். அவர் கணவரின் கையெழுத்து. மூக்குக்கண்ணாடிச் சீட்டு எழுதுகிற அதே சுத்தத்தோடு, 117 எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று இருபத்திரண்டு நாளுக்குக் கட்டம் போட்டிருந்தார்.

“எனக்கு எதிரா அவர் எழுதின சாட்சி. படிச்சுக் காட்டிட்டு என் முன்னாலயே வச்சுட்டுப் போனாரு. இப்பப் பாருங்க. எட்டாம் தேதி நம்பர் வரல. சாமி எங்க?”

நோட்டீஸைப் பார்த்தேன். வெளியூர்.

“பதினஞ்சு?”

வெளியூர்.

“பத்தொம்பது, இருபது?”

இரண்டு நாள் முகாம். வெளியூர். நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“அடப்பாவி! இப்பவே போய்ச் சொல்லிடலாம்மா!”

“சொன்னா? மாட்டிக்கிட்டவ சாமி மேல பழி போடுறான்னுதான் சொல்வாங்க. நான் சொல்லக் கூடாது அண்ணே. பட்டியலே சொல்லணும்.” தாளை மடித்தார். “எங்க ஆபீசுக்கு முகவரி புரியாத கடிதம் தினமும் முப்பது நாப்பது வரும். எங்களுக்குத் தெரியாத வீடுன்னா அது திருட்டு வீடுன்னா நினைப்போம்? இந்தத் தெருவா? இல்ல, ஒதுக்கு. அந்தத் தெருவா? இல்ல, ஒதுக்கு. கடைசியா மிஞ்சுற கதவைத் தட்டுவோம். யாரு திறக்குறாங்களோ அவங்க வீடு. இவ்வளவுதான் வேலை. என் வீட்டுக்காரருக்கு அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யாம என்னைச் சந்தேகப்பட்டாரு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.”

தாள்களை எடுத்துக்கொண்டு படி ஏறினார். நான் ரவுட்டரின் முதுகிலிருந்த தகட்டைப் பிய்த்துக் குப்பையில் போட்டேன். இணையம் உடனே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் மூச்சுவிட இடமில்லை. மடிக்கணினியைக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்து, குடியிருப்புக் கூட்டங்களுக்கு வாங்கிய புரொஜெக்டரில் பட்டியலைச் சுவரில் காட்டினார் செயலாளர். ஒன்பது எண்கள். கடைசியில் 117.

“ஐயோ, வந்துட்டான்! வீட்டுக்குள்ளயே இருக்கான்!” என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தபாலம்மாவின் உடைகள் ஏற்கெனவே ஒரு பையில் கட்டி வாசலோரம் வைக்கப்பட்டிருந்தன. கட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமி மடியில் தேக்குப் பெட்டியை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “தெரியுது... உயரமான ஆளு... இவங்க வேலை பாக்குற இடத்துலதான்...”

“கொஞ்சம் இருங்க சாமி,” என்றார் தபாலம்மா. “முகத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல நம்பரைப் பிரிப்போம். அது என் தொழில்.”

“சாமி முன்னால என்னடி பேச்சு?” என்றார் நாத்தனார்.

“ஒரு தடவை அவங்களும் பேசட்டும்மா,” என்றார் செயலாளர். வங்கிப் புத்தி கொஞ்சம் மிச்சமிருந்தது போலும்.

தபாலம்மா ஒரு கோணிப்பையை விரித்தார். எல்லோரும் கைப்பேசியை அணைத்து அதில் போட்டார்கள். சுவரில் மூன்று எண்கள் மறைந்தன: கணவருடையது, அவருடையது, நாத்தனாருடையது. பிரிண்டரை அணைத்தார், ஒன்று மறைந்தது. தொலைக்காட்சி, இன்னொன்று. கூடத்து விளக்கு, இன்னொன்று. விளக்குக்கும் ஓர் எண் உண்டு என்று கேட்டுக் கூட்டம் ‘ஆ’ என்றது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை ஒருவரும் படிக்கவில்லை.

பிறகு குளியலறை வாசலில் கிடந்த எடை பார்க்கும் கருவியைத் தூக்கி, பேட்டரியைக் கழற்றினார். 111 போயிற்று.

“இது யாரு குடுத்தது அண்ணி?”

நாத்தனார் எச்சில் விழுங்கினார். “நான்தான்... பிறந்தநாளுக்கு...”

“இதைப் பாத்துப் பயந்துதான் உங்க தம்பி சாமிகிட்டயே போனாரு. சாமி, இதுவும் ஒத்தைப்படைதான். எடை மெஷின் ஆம்பளையா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை.

சுவரில் இரண்டே எண்கள். ஒன்று மடிக்கணினி. இன்னொன்று 117.

“பாத்தீங்களா! எல்லாத்தையும் அணைச்சும் அவன் போகலை!” என்றார் சாமி வெற்றியோடு.

“போகலைதான். ஆம்பளைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப ஆம்பளைங்க எல்லாரும் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போங்க. பால்கனியில இருந்து நான் துண்டை வீசுற ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் மட்டும் மேல வாங்க. எந்த ஆம்பளை உள்ள வரும்போது நம்பர் வருதோ, அவர்தான் ஆளு.”

கூட்டம் சொக்கிப் போயிற்று. இதைவிட நியாயம் உண்டா?

“நான் துறவி. எனக்கு இந்த ஆண் பெண் கணக்கெல்லாம் கிடையாது,” என்றார் சாமி.

“அப்ப பெட்டியைத் துறந்துட்டு நீங்க மட்டும் போங்க.”

சாமி பெட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். தபாலம்மா வழியை மறித்தார். கையில் பசைத்தாளும் சணல் கயிறும்.

“பதிவுத் தபால் மாதிரி ஒரு கட்டுப் போட்டுடுறேன். நடுவுல யாரும் திறந்தாங்கன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான்.”

“பெட்டியைக் கட்டக் கூடாது! சக்தி...”

“கட்டட்டும் சாமி!” என்று கத்தினார் பல் டாக்டர், பக்திப் பரவசத்தில். “உங்க சக்தி ஒரு சணல் கயித்துக்கா அடங்கும்?”

“அதானே! கட்டட்டும்! கட்டட்டும்!” என்றது கூட்டம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தன் சீடர்கள் வாயால் கெட்டது. கயிறு நாலு பக்கமும் இறுகியது. மூடியின் மேல் பசைத்தாள். அதன் மேல் செயலாளரின் கையெழுத்து, புள்ளி நகராமல்.

ஆண்கள் எல்லோரும் இறங்கினோம். சாமியும் கட்டிய பெட்டியோடு இறங்கினார். தெருமுனையில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தோம். முதல் துண்டு அசைந்தது. நான் மேலே போனேன். சுவரில் ஒரே ஓர் எண், மடிக்கணினி மட்டும். பெண்கள் எல்லாம் என் தலையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எண் எதுவும் வரவில்லை. குற்றமற்றவன் என்று தெரிந்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மாளுக்கு இருபத்திரண்டு நாள் எப்படி இருந்திருக்கும்?

“அடுத்தது,” என்றார் தபாலம்மா, கடிதம் பிரிக்கிற குரலில்.

செயலாளர் வந்தார். இல்லை. பல் டாக்டர். இல்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒவ்வொருவராக ஒதுக்கப்பட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். தலை குனிந்தபடி. இல்லை. கடைசியாக ஒரே ஒருவர் மிச்சம். துண்டு அசைந்தது, ஆள் அசையவில்லை. பிறகு செயலாளரே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

சாமி இரண்டாம் மாடிப்படியில் கால் வைத்தார். சுவரில் 117 வந்து உட்கார்ந்தது.

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நினைத்தேன், முடிந்தது கதை என்று. மக்களைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை.

“சாமி அவனைப் பிடிச்சிட்டாரு!” என்று அலறினார் பல் டாக்டர். “பெட்டிக்குள்ள அடைச்சுக் கொண்டு வந்துட்டாரு!”

பல பேர் கை கூப்பினார்கள். சாமிக்கு உயிர் திரும்பியது. “ஆமாம் மக்களே! இருபது நாளாப் போராடிப் பிடிச்சேன்! திறந்தா இந்தக் குடும்பமே நாசம்!”

தபாலம்மா மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, ரவுட்டர் பக்கத்தில் பழைய கடவுச்சொல்லை அழித்துப் புதிதாக ஒன்று தட்டினார். சுவரில் பட்டியல் ஒருமுறை கண் சிமிட்டியது. மடிக்கணினி இருந்தது. 117 இல்லை. பெட்டி சாமியின் மடியில்தான் இருந்தது. கயிறு அவிழவில்லை, கையெழுத்து கிழியவில்லை.

“கூப்பிடுங்க சாமி உங்க ஆளை,” என்றார் தபாலம்மா. “சுவரைத் தாண்டி வர்றவன், கதவைத் தாண்டி வர்றவன், பாஸ்வேர்டு மாத்துனதும் ஏன் வழி தெரியாம நிக்கிறான்?”

சாமி கண்ணை மூடி முணுமுணுத்தார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். 117 வரவில்லை. ஐந்தாவது நிமிஷம் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து போய்ச் சாமியின் மடியிலிருந்து பெட்டியை எடுத்தார்.

“திறக்காதே! நாசமாப் போயிடுவே!”

“அது எப்பவோ போயாச்சு,” என்றார் கடைக்காரர். கயிற்றை அறுத்தார்.

உள்ளே ஒரு கைப்பேசி. ஒரு சார்ஜர். எங்கள் பதினெட்டு வீட்டுக் கடவுச்சொற்களும் வரிசையாக எழுதிய ஒரு தாள், என்னுடையது ஏழாவது. கைப்பேசித் திரையில் ஒரு சினிமா பாதியில் நின்றிருந்தது. அதன் மேல், ‘இணைப்பு இல்லை. கடவுச்சொல்லை மீண்டும் கொடுக்கவும்’ என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

விளங்கிற்றா? வீட்டுக்கு வீடு ஐந்து நிமிஷ மௌனம் எதற்கென்றால், கடவுச்சொல்லைத் தட்டி முடிக்க. 117 முளைத்தது பெட்டியிலிருந்து, மறைந்தது பெட்டிக்குள் விட்ட கையால். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை சாமி கீழே படுத்துக்கொண்டு, மேல் வீட்டு இணையத்தில் சினிமா பார்த்திருக்கிறார். அந்த இரண்டு மணி நேர ஓசிச் சினிமாவை மறைக்கத்தான் ஒரு பெண்ணின் மானத்தைச் சந்திக்கு இழுத்தார். ‘வெள்ளைச் சட்டைத் திருடன்’ என்று ஒரு வார்த்தை உண்டு. இவனுக்கு அதுகூடப் பெரிய மரியாதை.

செயலாளர் காவல் நிலையத்துக்குப் பேசினார். பல் டாக்டர் தன் தகடுகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று சாமியிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் அவசரமாகத் தன் பெட்டியைத் தேடினார். அந்தக் கலவரத்தில் கண்ணாடிக் கடைக்காரர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார்.

“என்னை மன்னிச்சிடு. என் வீட்டுக்குள்ள ஒரு அந்நிய ஆளு வந்து போறான்னு நினைச்சுட்டேன்.”

“தப்பா நினைக்கல,” என்றார் தபாலம்மா. கூடம் முழுக்கக் கேட்டது. “வந்து போனது நிஜம்தான். இருபத்திரண்டு நாளா ஒரு அந்நிய ஆம்பளை என் வீட்டுக்குள்ள வந்து போயிட்டுத்தான் இருந்தான். ஆனா அவன் காதுல பாஸ்வேர்டைச் சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தது நான் இல்ல. நீங்க.”

கடைக்காரர் வாசலோரம் இருந்த துணிப்பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். புதுக் கடவுச்சொல் என்ன என்று கேட்கிற தைரியம் அவருக்கு ஒரு மாதம் வரை வரவில்லையாம். அந்த ஒரு மாதமும் கடையில் உட்கார்ந்து பட்டியலைப் பார்க்கவும் வழியில்லை. நல்லதுதான். பார்வை சோதிப்பவருக்குக் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு.

எனக்கு மனசு ஆறவில்லை. பொய்யை நாலாயிரம் பிரதி அடித்த கை இது. மறுநாளே தபாலம்மாவை உட்கார வைத்து எழுதி வாங்கி, ஒரு துண்டறிக்கை அடித்துப் பதினெட்டு வீட்டுக்கும் சும்மா கொடுத்தேன்.

“வீட்டு இணையத்தில் தெரியாத எண் வந்தால் பயப்படாதீர்கள். தெரியாதது வேறு, தீயது வேறு. ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பாருங்கள். எது போகும்போது எண் போகிறதோ, எண் அதனுடையது. எல்லாவற்றையும் அணைத்தும் ஓர் எண் மிஞ்சினால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யார் காதிலும் சொல்லாதீர்கள். முக்கியமாக, தாடியும் பெட்டியும் வைத்திருப்பவர் காதில்.”

சாயங்காலம் பல் டாக்டர் அந்தத் தாளை இரண்டு கையாலும் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார்.

“சார், இதை ரவுட்டர் மேல ஒட்டணுமா, வாசப்படியில ஒட்டணுமா? எங்க ஒட்டினா பலன் ஜாஸ்தி?”

“எங்க ஒட்டினாலும் பலன் இல்ல டாக்டர்,” என்றேன். “படிச்சாதான் உண்டு.”